கேஸ் கட்டைப் பிரிப்போம்: வாசகர் கேள்வி – பதில்

இந்த மாதம் வந்த கடிதங்களில் பலவற்றோடு கோர்ட் தாள்களின் படத்தையும் சேர்த்து அனுப்பியிருக்கிறீர்கள். அப்படியே செய்யுங்கள். தாளைப் பார்க்காமல் பதில் சொல்வதில் எனக்கு விருப்பமில்லை. பெயர்களையும் வழக்கு எண்களையும் நீக்கிவிட்டுத்தான் இங்கே எழுதுகிறேன். புதிதாகப் படிக்கிறவர்களுக்காக ஒரு வார்த்தை: நான் வக்கீல் இல்லை. திருநெல்வேலிப் பக்கத்து முன்சீப் கோர்ட்டிலும் சப் கோர்ட்டிலும் நகல் பிரிவில் தொடங்கித் தலைமை எழுத்தராக ஓய்வு பெற்றவள். வழக்கை எப்படி நடத்துவது என்பதை உங்கள் வக்கீல் சொல்லட்டும். உங்கள் கையில் இருக்கிற தாள் என்ன சொல்கிறது என்பதை நான் சொல்கிறேன்.

அம்மா, எங்கள் வீட்டு மனை சம்பந்தமாக என் கொழுந்தனார் 2019-ல் ஓ.எஸ். போட்டிருக்கிறார். நான் அதில் 'டி2'. எனக்கு எந்தச் சம்மனும் வந்ததாக நினைவில்லை. போன வாரம் மகன் செல்போனில் ஈ-கோர்ட்ஸ் தளத்தில் தேடியபோது 'டிஸ்போஸ்டு, அன்கன்டெஸ்டட் – எக்ஸ்பார்ட்டி' என்று காட்டுகிறது. வழக்கு முடிந்துவிட்டதா? வீடு போய்விட்டதா?
– வாசகி, சங்கரன்கோவில்

வீடு போய்விடவில்லை. ஆனால் ஒரு நாளைக்கூட வீணாக்காதீர்கள். 'ஓ.எஸ்.' என்றால் அசல் சிவில் வழக்கு. 'டி' என்றால் பிரதிவாதி. நீங்கள் இரண்டாம் பிரதிவாதி. 'அன்கன்டெஸ்டட்' என்றால் எதிர்த்து வாதாட யாரும் வராமலே முடிந்த வழக்கு. உங்கள் பக்கத்தைக் கேட்காமலே தீர்ப்பாகியிருக்கிறது. அதைத்தான் ஒருதலைப்பட்சத் தீர்ப்பு என்கிறார்கள்.

முதல் வேலையாக நகல் மனு போட்டுத் தீர்ப்பு, டிக்ரி (தீர்ப்பின் முடிவை மட்டும் உத்தரவாக எழுதிய தாள்) இரண்டையும் வாங்குங்கள். பலரும் அதோடு நிறுத்திவிடுகிறார்கள். உங்களுக்கு அதைவிட முக்கியமானது டாக்கெட் ஷீட், அதாவது ஒவ்வொரு வாய்தாவிலும் என்ன நடந்தது என்று இரண்டொரு வரியில் குறித்துவைக்கும் தாள். அதையும், சம்மன் திரும்பி வந்தபோது அமீனா, அதாவது சம்மன் கொண்டுவரும் கோர்ட் ஊழியர், எழுதிய குறிப்பையும் சேர்த்துக் கேளுங்கள்.

டாக்கெட்டில் பெரும்பாலும் இப்படித்தான் இருக்கும்: "டி2 சம்மன் ரிட்டர்ன்டு, டோர் லாக்டு. ஃப்ரெஷ் சம்மன், பேட்டா 3 நாளில்." அதாவது வீடு பூட்டியிருந்ததால் சம்மன் திரும்பிவிட்டது, மறுபடி அனுப்பப் படிப்பணம் கட்டச் சொல்கிறது கோர்ட். அடுத்த வாய்தாவில், "டி2 அஃபிக்ஸ்டு" என்றிருந்தால் உங்கள் வீட்டுக் கதவில் சம்மனை ஒட்டிவிட்டு வந்ததாக அமீனா எழுதிக் கொடுத்திருக்கிறார். "பேப்பர் பப்ளிகேஷன்" என்றிருந்தால் செய்தித்தாளில் விளம்பரம் கொடுத்து, அதையே சம்மன் சார்வானதாக, அதாவது உங்களிடம் சேர்ந்ததாக, எடுத்துக்கொண்டிருக்கிறார்கள். அதற்கும் அடுத்த வரி, "டி2 கால்டு அப்சென்ட், செட் எக்ஸ்பார்ட்டி". பெயரைக் கூப்பிட்டார்கள், நீங்கள் ஆஜராகவில்லை, ஒருதலைப்பட்சமாக வைத்துவிட்டார்கள். கடைசியில், "பி.டபிள்யூ.1 ப்ரூஃப் அஃபிடவிட், எக்ஸ்.ஏ1 டு ஏ5 மார்க்டு, சூட் டிக்ரீட்." வாதி தன் வாக்குமூலத்தையும் ஐந்து ஆவணங்களையும் கொடுத்திருக்கிறார், கேட்டபடி தீர்ப்பாகிவிட்டது.

சம்மன் எந்த வழியில் சார்வானது என்பதைப் பொறுத்துத்தான் உங்களுக்கு எத்தனை நாள் இருக்கிறது என்று தெரியும். ஒருதலைப்பட்ச டிக்ரியை ரத்து செய்யச் சொல்லும் மனு, உரிமையியல் நடைமுறைச் சட்டம் கட்டளை 9 விதி 13-ன் கீழ் போடுவது. காலவரையறைச் சட்டத்தின் 123-ஆம் இனம் அதற்கு 30 நாள் தருகிறது. சம்மன் முறையாகச் சார்வாகியிருந்தால் டிக்ரி தேதியிலிருந்து எண்ண வேண்டும். முறையாகச் சார்வாகவில்லை என்றால் டிக்ரியைப் பற்றி உங்களுக்குத் தெரியவந்த நாளிலிருந்து எண்ணலாம். கட்டளை 5 விதி 20-ன்படி பேப்பரில் விளம்பரம் கொடுத்ததை இந்த 30 நாள் கணக்குக்கு முறையான சார்வாகக் கொள்ளக் கூடாது என்று சட்டமே அந்த இனத்தின் கீழ் விளக்கம் எழுதி வைத்திருக்கிறது. எனவே பேப்பர் விளம்பரத்தை வைத்து உங்களை எக்ஸ்பார்ட்டி ஆக்கியிருந்தால், மகன் செல்போனில் பார்த்த அந்த நாள்தான் உங்கள் முதல் கணக்கு. அந்தத் தேதியை இப்போதே ஒரு தாளில் எழுதி வையுங்கள். கதவில் ஒட்டிய கதை வேறு. அமீனா சொல்வது உண்மையா, அன்று யார் சாட்சிக் கையெழுத்துப் போட்டது என்பதை வக்கீல் கிளறிப் பார்க்க வேண்டியிருக்கும். டிக்ரி தேதியிலிருந்துதான் எண்ண வேண்டும் என்று ஆனால், தாமதத்தை மன்னிக்கக் கேட்டு அதே காலவரையறைச் சட்டத்தின் பிரிவு 5-ன் கீழ் ஐ.ஏ. ஒன்றும் சேர்த்துப் போட வேண்டும். ஐ.ஏ. என்பது வழக்குக்குள்ளேயே போடும் இடைமனு.

இன்னொன்றையும் பார்த்துவிடுங்கள். அதே தளத்தில் உங்கள் பெயரைப் போட்டு இ.பி. ஏதாவது இருக்கிறதா என்று தேடச் சொல்லுங்கள். இ.பி. என்றால் டிக்ரியை நிறைவேற்றித் தரச் சொல்லும் மனு. அது ஓடிக்கொண்டிருந்தால் உங்கள் அவசரம் இரண்டு மடங்கு.

வக்கீலுக்குக் கொடுக்கப் பணமில்லை என்று கடிதத்தின் ஓரத்தில் எழுதியிருக்கிறீர்கள். அதற்காக நிற்காதீர்கள். சட்டப் பணிகள் ஆணைக்குழுச் சட்டம், 1987, பிரிவு 12-ன்படி பெண்களுக்கு வருமானம் எவ்வளவு என்ற கேள்வியே இல்லாமல் இலவச சட்ட உதவி உண்டு. கோர்ட் வளாகத்திலேயே வட்டச் சட்டப் பணிகள் குழு அலுவலகம் இருக்கும். 15100 என்ற எண்ணுக்குப் போன் செய்தாலும் வழி சொல்வார்கள்.

தமிழில் வந்த தீர்ப்பில் வா.சா.1, பி.சா.2, வா.சா.ஆ.7 என்று பக்கத்துக்குப் பக்கம் வருகிறது. படிக்கவே முடியவில்லை.
– வாசகர், தென்காசி

வா.சா. என்பது வாதி தரப்புச் சாட்சி, பி.சா. பிரதிவாதி தரப்புச் சாட்சி. 'ஆ' சேர்ந்தால் சான்றாவணம். வா.சா.ஆ.7 என்பது வாதி கொடுத்த ஏழாவது ஆவணம். ஆங்கிலத் தீர்ப்பில் இதுவே எக்ஸ்.ஏ7 என்றும், பிரதிவாதியுடையது எக்ஸ்.பி என்றும் வரும். கிரிமினல் வழக்கில் அ.சா. என்றால் அரசு தரப்புச் சாட்சி, சா.பொ. என்றால் அரிவாள், செல்போன் போன்ற சான்றுப் பொருள்.

தீர்ப்பை முதல் பக்கத்திலிருந்து படிக்காதீர்கள். கடைசியில் பின்னிணைப்பாகச் சாட்சிகள், ஆவணங்கள் பட்டியல் இருக்கும். அதைத் தனியே நகலெடுத்துப் பக்கத்தில் வைத்துக்கொண்டு பிறகு தீர்ப்பைப் படியுங்கள். "வா.சா.ஆ.7 நம்பத்தகுந்ததாக இல்லை" என்று ஒரு வரி வந்தால், அது உங்கள் தாத்தா எழுதிய உயிலா, வீட்டு வரி ரசீதா என்று அந்த இடத்திலேயே தெரிந்துவிடும்.

முன்சீப் கோர்ட்டில் ஜூன் 3-ல் எனக்கு எதிராகத் தீர்ப்பு. நகல் கைக்கு வந்தது ஜூலை 9. அப்பீலுக்கு ஜூலை 21 கடைசி நாள் என்கிறார் வக்கீல். நகல் வாங்கிய நாளிலிருந்து ஒரு மாதம் உண்டு என்கிறார் என் மைத்துனர். நகலின் படத்தை இணைத்திருக்கிறேன். யார் சொல்வது சரி?
– வாசகர், அம்பாசமுத்திரம்

உங்கள் வக்கீல் சொல்வதுதான் சரி. ஏனென்று அந்த நகலிலேயே இருக்கிறது. கடைசிப் பக்கத்தின் பின்புறத்தைப் பாருங்கள். அங்கே சாய்ந்து விழுந்திருக்கும் ரப்பர் ஸ்டாம்பில் ஐந்து தேதிகள் பேனாவால் நிரப்பப்பட்டிருக்கும். நகல் பிரிவில் இருந்த காலமெல்லாம் நான் நிரப்பிய தேதிகள் இவைதான். தவறாக ஒரு இலக்கம் எழுதினால் ஒருவருடைய அப்பீலே போய்விடும் என்பதால் பதிவேட்டைப் பக்கத்தில் விரித்து வைத்துக்கொண்டுதான் பேனாவை எடுப்போம்.

உங்கள் நகலில் உள்ளதை அப்படியே தருகிறேன். மனு செய்த நாள் ஜூன் 10. கட்டணம் கேட்கப்பட்ட நாள் ஜூன் 17. கட்டணம் செலுத்திய நாள் ஜூன் 18. நகல் தயாரான நாள் ஜூன் 27. நகல் கொடுக்கப்பட்ட நாள் ஜூலை 9.

முன்சீப் கோர்ட் தீர்ப்பின் மேல் சப் கோர்ட்டுக்கு அப்பீல் போட 30 நாள். உயர் நீதிமன்றத்துக்குப் போவதாக இருந்தால் 90 நாள். காலவரையறைச் சட்டம் பிரிவு 12, தீர்ப்பு சொன்ன நாளையும் நகல் பெறத் தேவைப்பட்ட காலத்தையும் கழித்துவிடச் சொல்கிறது. ஆகவே ஜூன் 4-லிருந்து எண்ணுங்கள். ஜூன் 9 வரை 6 நாள் செலவாகிவிட்டது. ஜூன் 10-லிருந்து 27 வரை கோர்ட் எடுத்துக்கொண்ட காலம், அது உங்கள் கணக்கில் சேராது. மீதி 24 நாள் ஜூன் 28-ல் மறுபடி ஓடத் தொடங்குகிறது. ஜூனில் 3, ஜூலையில் 21. ஜூலை 21-ல் முடிகிறது.

'தயாரான நாள்' என்பதோடு கழிவு முடிந்துவிடுகிறது. 'கொடுக்கப்பட்ட நாள்' வரை நீளாது. தயாராகி மேஜையில் கிடந்த நகலை நீங்கள் போய் வாங்காமல் விட்ட 11 நாளும் உங்கள் கணக்கில்தான் போயின. மைத்துனர் சொன்னதை நம்பியிருந்தால் ஆகஸ்டில் போய் நின்றிருப்பீர்கள். அதேபோல் கட்டணம் கேட்டு அறிவிப்புப் பலகையில் ஒட்டிய பிறகு நாள்கணக்கில் கட்டாமல் இருந்தால், அந்த நாட்களையும் உங்கள் தலையில்தான் கட்டுவார்கள். நீங்கள் மறுநாளே கட்டியிருக்கிறீர்கள், அதனால் பிரச்சினை இல்லை. கட்டாமலே விட்டால் நகல் மனுவே தள்ளுபடி ஆகிவிடும்.

இன்னும் நாள் இருக்கிறதே என்று ஜூலை 21 வரை காத்திருக்காதீர்கள். அப்பீல் பத்திரத்தில் குறை இருந்தால் 'ரிட்டர்ன்டு' என்று எழுதித் திருப்புவார்கள். சரி செய்து மறுபடி கொடுப்பதற்குத் தரும் கெடுவையும் கவனமாகக் குறித்துக்கொள்ளுங்கள்.

பக்கத்து வீட்டுக்காரர் என் தம்பியை அடித்துவிட்டார். ஸ்டேஷனில் புகார் கொடுத்தோம். சி.எஸ்.ஆர். என்று ஒரு சீட்டுக் கொடுத்தார்கள். இதுதான் எஃப்.ஐ.ஆரா? நண்பர் ஒருவர் வழக்கில் ஆர்.சி.எஸ். நோட்டீஸ் வந்திருக்கிறது, அது என்ன?
– வாசகர், தூத்துக்குடி

சி.எஸ்.ஆர். எஃப்.ஐ.ஆர். ஆகாது. நம் ஸ்டேஷன்களில் சமூக சேவைப் பதிவேடு என்று ஒன்று வைத்திருக்கிறார்கள். உங்கள் மனு அதில் பதியப்பட்டதற்கான ரசீதுதான் அந்தச் சீட்டு. விசாரணை நடக்கலாம், இரண்டு பக்கத்தையும் கூப்பிட்டுப் பேசலாம், ஆனால் வழக்கு இன்னும் பதிவாகவில்லை. பதிவானால் தாளின் மேலே 'குற்ற எண்' என்று ஆண்டோடு ஓர் எண் இருக்கும். அதன் கீழே சட்டப் பிரிவுகள் இருக்கும். அந்த நகலைப் புகார் கொடுத்தவருக்கு இலவசமாகத் தர வேண்டும் என்பது சட்டம்.

கைது செய்வதற்குரிய குற்றம் என்று புகாரிலேயே தெரிந்தால் எஃப்.ஐ.ஆர். போட்டாக வேண்டும் என்று லலிதா குமாரி வழக்கில் உச்ச நீதிமன்றம் 2013-ல் சொல்லிவிட்டது. பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்துக்குப் பதிலாக இப்போதுள்ள பி.என்.எஸ்.எஸ். சட்டத்தில் அது பிரிவு 173. மூன்று ஆண்டுக்குக் குறையாமலும் ஏழு ஆண்டுக்குள்ளும் தண்டனை உள்ள குற்றங்களுக்கு மட்டும், டி.எஸ்.பி. அனுமதியோடு 14 நாளுக்குள் முதல்கட்ட விசாரணை செய்து பார்க்கலாம் என்று அதில் ஒரு விலக்கு இருக்கிறது. பதிய மறுத்தால் எஸ்.பி.க்கு எழுத்துமூலம் அனுப்புங்கள். அதற்கும் பலனில்லை என்றால் மாஜிஸ்திரேட்டிடம் மனு. சீட்டு வந்துவிட்டதே என்று சும்மா இருந்தால் அடிபட்ட காயம் ஆறிவிடும், மருத்துவச் சான்றும் கிடைக்காது. தம்பியை அரசு ஆஸ்பத்திரியில் காட்டிப் பதிவு செய்திருக்கிறீர்களா?

2024 ஜூலை 1 முதல் நடந்த குற்றங்களுக்கு இ.பி.கோ. எண்கள் வராது, அதற்குப் பதிலாக வந்த பி.என்.எஸ். சட்டத்தின் எண்கள்தான் வரும். 294(பி), 323, 506(1) என்று கேட்டுப் பழகியவர்கள் இப்போது 296(பி), 115(2), 351(2) என்று பார்த்தால் குழம்ப வேண்டாம். ஆபாசமாகத் திட்டியது, காயப்படுத்தியது, மிரட்டியது என்ற அதே மூன்றுதான்.

ஆர்.சி.எஸ். நோட்டீஸைப் பற்றி உங்கள் நண்பரிடம் இன்றைக்கே சொல்லுங்கள். போலீஸ் விசாரித்துவிட்டு, குற்றப்பத்திரிகை போடாமல் வழக்கை முடிக்கப் போகிறோம் என்று புகார்தாரருக்குத் தெரிவிக்கும் நோட்டீஸ் அது. அதில் 'எம்.எஃப்.' என்றிருந்தால் புகாரில் சொன்னபடி சம்பவம் இல்லை என்பது போலீஸின் முடிவு. அதை ஏற்கவில்லை என்றால் மாஜிஸ்திரேட் முன் ஆட்சேப மனு போடலாம். மேலும் விசாரிக்க உத்தரவிடவும், நேரடியாக வழக்கை எடுத்துக்கொள்ளவும் அவருக்கு அதிகாரம் உண்டு. சமாதான நோட்டீஸ் என்று நினைத்துக் கையெழுத்துப் போட்டுவிட்டு வந்துவிடுகிறவர்களைப் பார்க்கும்போது மனசு வலிக்கிறது. கையெழுத்துப் போடுங்கள், ஆனால் "ஆட்சேபணை உண்டு" என்று தேதியோடு எழுதிவிட்டுப் போடுங்கள்.

சி.என்.ஆர். எண் என்று ஒன்று கேட்கிறார்கள். வழக்கு எண் வேறு, அது வேறா?
– வாசகி, நாங்குநேரி

வேறுதான். ஓ.எஸ். 45 என்ற வழக்கு ஒவ்வொரு கோர்ட்டிலும் ஒவ்வொரு வருஷமும் இருக்கும். சி.என்.ஆர். என்பது 16 எழுத்தும் இலக்கமும் சேர்ந்த ஒரே எண். முதல் இரண்டு மாநிலம், அடுத்தவை மாவட்டமும் கோர்ட்டும், பிறகு 6 இலக்க வரிசை எண், கடைசி 4 வருஷம். அதை மட்டும் ஈ-கோர்ட்ஸில் போட்டால் அடுத்த வாய்தா தெரிந்துவிடும். டைரியின் முதல் பக்கத்தில் எழுதிக்கொள்ளுங்கள்.

பாகப்பிரிவினை வழக்கில் 2011-லேயே எனக்கு மூன்றில் ஒரு பங்கு என்று ஜெயித்துவிட்டோம். டிக்ரியை எடுத்துக்கொண்டு தாலுகா ஆபீஸ் போனால் பட்டா தர மறுக்கிறார்கள். கோர்ட் தீர்ப்பையே மதிக்க மாட்டார்களா?
– வாசகர், கோவில்பட்டி

தாலுகா ஆபீஸில் கோபப்படாதீர்கள். உங்கள் டிக்ரியின் தலைப்பைப் படியுங்கள். 'முதனிலைத் தீர்ப்பாணை' என்று இருக்கிறது. பங்கு எவ்வளவு என்றுதான் அது சொல்கிறது. எந்தப் பக்கத்து நிலம், எத்தனை சென்ட், எந்த எல்லை என்று அது சொல்லவில்லை. மூன்றில் ஒன்று என்பதை வைத்துக்கொண்டு தாசில்தார் எந்த வரப்பில் கல் நடுவார்?

அதற்கு அடுத்த படி இருக்கிறது. இறுதித் தீர்ப்பாணை கேட்டு அதே வழக்கில் ஒரு ஐ.ஏ. போட வேண்டும். கோர்ட் ஒரு வக்கீலைக் கமிஷனராக நியமிக்கும். அவர் சர்வேயரோடு வந்து அளந்து, பிரித்துக் காட்டி, அறிக்கையும் வரைபடமும் தாக்கல் செய்வார். அவை எக்ஸ்.சி1, சி2 என்று குறியீடாகும். ஆட்சேபணை இருந்தால் அந்தக் கட்டத்தில் சொல்ல வேண்டும். பிறகுதான் இறுதித் தீர்ப்பாணை. அதை உரிய மதிப்புள்ள முத்திரைத்தாளில் எழுதிக் கையெழுத்தான பிறகுதான் அது உங்கள் கையில் சொத்துப் பத்திரமாகும்.

2011 ஆயிற்றே, காலம் கடந்துவிட்டதா என்று பயப்படாதீர்கள். இறுதித் தீர்ப்பாணை கேட்கும் மனுவுக்குக் காலவரையறை கிடையாது என்று உச்ச நீதிமன்றம் 2009-ல் சுப் கரண் புப்னா வழக்கில் தெளிவாகச் சொல்லியிருக்கிறது. முதனிலைத் தீர்ப்பு ஆனதும் தனி மனுவுக்குக் காத்திருக்காமல் கோர்ட்டே வழக்கை அடுத்த கட்டத்துக்குப் பட்டியலிட வேண்டும் என்று 2022-ல் இன்னொரு தீர்ப்பும் வந்திருக்கிறது. உங்கள் பழைய கட்டு ரிக்கார்டு ரூமுக்குப் போயிருக்கும், எடுக்க நாளாகும். அதனால் இப்போதே தொடங்குங்கள்.

இறுதித் தீர்ப்பாணை வந்த பிறகு அலட்சியம் வேண்டாம். அதை நிறைவேற்ற இ.பி. போட 12 வருஷம்தான். முத்திரைத்தாள் வாங்கிக் கொடுக்காமல் இருந்தால் அந்த 12 வருஷம் தொடங்காது என்று ஊரில் ஒரு பேச்சு உண்டு. அது தவறு. டிக்ரி தேதியிலிருந்தே காலம் ஓடும் என்று சிரஞ்சி லால் வழக்கில் 2005-ல் தீர்ந்துவிட்டது. பணம் புரளட்டும், அப்புறம் ஸ்டாம்ப் பேப்பர் வாங்கலாம் என்று இருந்து பங்கை இழந்த குடும்பங்கள் உண்டு.

நாங்கள் போட்ட கடன் வசூல் வழக்கில் 'டிஸ்மிஸ்டு ஃபார் டிஃபால்ட்' என்று வந்திருக்கிறது. நாங்கள் தோற்றுவிட்டோமா? புதிதாக வேறு வழக்குப் போடலாமா?
– வாசகர், விளாத்திகுளம்

தோற்கவில்லை. அன்று உங்கள் தரப்பில் ஆஜராகாததால் தள்ளுபடி செய்திருக்கிறார்கள். பணம் வர வேண்டுமா வேண்டாமா என்று கோர்ட் எதுவும் முடிவு செய்யவில்லை.

புதிய வழக்கா என்பதற்கு டாக்கெட்டின் ஒரு வரியைப் பார்க்க வேண்டும். அன்று பிரதிவாதியும் வரவில்லை என்றால் அது கட்டளை 9 விதி 3. அப்போது விதி 4-ன் கீழ் பழைய வழக்கை மீட்கவும் கேட்கலாம், கடனுக்கான காலவரையறை இன்னும் மிச்சமிருந்தால் புதிதாகவும் போடலாம். பிரதிவாதி ஆஜராகி நீங்கள் மட்டும் வரவில்லை என்றால் அது விதி 8. அப்போது அதே காரணத்துக்குப் புது வழக்குக்கு வழியில்லை. விதி 9-ன் கீழ் மீட்பு மனு ஒன்றுதான் வழி. இரண்டு மனுவுக்குமே தள்ளுபடியான நாளிலிருந்து 30 நாள்.

நீங்கள் அனுப்பிய படத்தில் அந்த வரி மடிப்பில் மறைந்திருக்கிறது. "பிளெயின்டிஃப் அப்சென்ட்" என்பது மட்டும் தெரிகிறது, தேதி இந்த மாதம் 6. தாளை விரித்து அடுத்த வரியைப் படியுங்கள். அங்கே "டிஃபென்டன்ட் பிரசென்ட்" என்று இருந்தால் இந்த இதழை மடித்து வைத்துவிட்டு வக்கீலுக்குப் போன் செய்யுங்கள்.